இடப்பக்கம் திருப்பினால் எடுக்கும்

“இண்டைக்கு நல்லா வேலை செய்யுது. அப்ப, இண்டைக்கு ஒண்டும் செய்யேலாது.”

இப்படிச் சொல்லிவிட்டு அண்ணை மோட்டரின் மூடியைத் திரும்பக் கவிழ்த்துக் கொளுக்கியை மாட்டினார். இரவு வேலை முடித்து நேரே படகுத்துறைக்கு வந்திருந்தார். கையில் மீன் ஆலையின் மணம் இன்னும் போகவில்லை. நான் சாவியைப் பத்துத் தடவை திருப்பியிருப்பேன். பத்துத் தடவையும் மோட்டர் முதல் சுற்றிலேயே எடுத்தது. முதல்நாள் இதே சாவிக்கு மூச்சுக்கூடக் காட்டாமல் கிடந்த சாமான் அது. வைத்தியர் வீட்டுப் படலையைத் திறக்கும்போதே பிள்ளையின் காய்ச்சல் விட்டுவிட்டால் தாய்க்கு வருமே ஒரு வெட்கம், அது எனக்கு வந்தது.

“நேற்று உண்மையா எடுக்கேல்லை அண்ணை.”

“தெரியும் தம்பி. எடுக்காத நேரம் கூப்பிடு.”

எடுக்காத நேரம் கூப்பிடுவது எப்படி? எடுக்காத நேரம் நான் கடலில் அல்லவா நிற்பேன்!

நாங்கள் இருப்பது நோர்வேயின் வடகோடியில், ஃபின்மார்க் கரையோர ஊரொன்றில். 1980களில் யாழ்ப்பாணத்திலிருந்து மாணவர்களாகவும் அகதிகளாகவும் இந்த நாட்டுக்கு வந்த இளைஞர்களில் பலர் இங்குள்ள மீன் ஆலைகளுக்கு வேலை தேடி ஏறி வந்தார்கள். பெரும்பாலானோர் பிறகு ஒஸ்லோப் பக்கம் இறங்கிப் போய்விட்டார்கள். சிலர் தங்கிவிட்டோம். மே நடுவிலிருந்து ஜூலைக் கடைசிவரை இங்கே சூரியன் மறைவதில்லை. குளிர்காலத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் அது எழும்புவதுமில்லை. ஆனாலும் அத்திலாந்திக்கின் வெது நீரோட்டம் வந்து தொடுவதால் துறைமுகம் உறைவதில்லை. கைத்தூண்டிலோடு கடலுக்குப் போக இந்நாட்டில் வாழ்பவர்கள் எவரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை. ஆகவே இங்கே ஒரு சின்னப் படகு வைத்திருப்பது ஊரில் சைக்கிள் வைத்திருப்பது மாதிரி.

படகின் பின்பலகையில் மாட்டும் மோட்டருக்கு நோர்வேக்காரர் வைத்திருக்கும் சொல் ‘போஹெங்ஸ்மோட்டர்’. கொளுவித் தொங்கவிட்ட மோட்டர் என்று பொருள். இலங்கைக் கடற்றொழில் திணைக்களத்தின் தமிழில் அது வெளியிணைப்பு இயந்திரம். கரையில் வெறும் எஞ்சின். என்னுடையது முப்பது குதிரைவலு, இரண்டு சிலிண்டர், எண்பதுகளில் செய்தது. கடலை விட்டு ஓய்ந்த ஒரு கிழவரிடம் படகோடு சேர்த்து வாங்கினேன். மூடியில் ஒட்டியிருந்த பெயர் வெயிலிலும் உப்பிலும் உரிந்து போய்விட்டது. அதை இங்கே திரும்ப ஒட்ட வேண்டிய தேவையும் இல்லை. நாற்பது வருஷம் உப்புத் தண்ணீரில் நின்ற எந்தக் கொம்பனியின் மோட்டரும் இதைத்தான் செய்திருக்கும்.

அந்த ‘நேற்று’ நடந்தது இதுதான். நானும் மனைவியும் ஃபியோர்ட்டின் வாயருகே மோட்டரை நிறுத்திவிட்டுத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தோம். நீர் வற்று. கரை மெல்ல மெல்லத் தள்ளிப் போவதைக் கண்டு, திரும்பலாம் என்று சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. இன்னொருமுறை. ‘டக்.’ ஒரேயொரு டக். மூன்றாம் முறை அதுவும் இல்லை. கயிறு சுற்றி இழுத்து எடுக்கக்கூடிய மோட்டர்தான். ஆனால் அந்தக் கயிறு வீட்டின் நிலவறையில் ஒரு ஆணியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இருவரும் உயிர்காப்பு அங்கி போட்டிருந்தோம். எட்டு மீற்றருக்குக் குறைந்த படகில் அது 2015 முதல் இங்கே சட்டம். ஆனால் கோடையிலும் கை விறைக்கும் தண்ணீரில் அங்கி எவ்வளவு நேரத்துக்கு உதவும் என்பதை அந்த நேரத்தில் கணக்குப் பார்க்க விரும்பவில்லை. நான் பற்றறிப் பெட்டியைத் திறந்து கம்பிகளை ஆட்டிக்கொண்டிருந்தபோது மனைவி ஸ்ரேரிங்கை இடப்பக்கம் முழுக்க வளைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள். எடுத்தது.

“இஞ்சாருங்கோ, இடப்பக்கம் திருப்பினா எடுக்குது” என்றாள்.

நான் அதைக் காதில் வாங்கவில்லை. பற்றறிக் கம்பியை ஆட்டியதால்தான் எடுத்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

*

விட்டுவிட்டு வரும் நோய்க்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: முறைக்காய்ச்சல். முறை வைத்து வரும் மலேரியா. ஒருநாள் பல் கிட்டும் நடுக்கம், மறுநாள் ஆள் எழும்பிக் கிணற்றடிக்குப் போவார், அதற்கடுத்த நாள் அதே நேரத்துக்கு நடுக்கம். காய்ச்சல் விட்ட நாளில் நோயாளி சுகமானவர் மாதிரித்தான் இருப்பார். கிருமி மட்டும் இரத்தத்தில் அடுத்த முறைக்குப் பெருகிக்கொண்டிருக்கும். வன்னியில் குளிசையைப் பாதியில் நிறுத்தியவர்கள் எல்லோரும் காய்ச்சல் விட்ட நாளில்தான் நிறுத்தினார்கள். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. காய்ச்சல் இல்லாத ஆட்களின் இரத்தத்தையும் குத்தி எடுத்துக் கண்ணாடியில் பூசிப் பார்த்த வேலையும் அந்த வெற்றிக்குப் பின்னால் இருக்கிறது.

ஒரேயடியாகப் பழுதான மோட்டர் நேர்மையானது. அது கிடந்த இடத்தில் கிடக்கும், நாம் ஒவ்வொரு பாகமாகச் சோதித்துக் காரணத்தைப் பிடித்துவிடலாம். விட்டுவிட்டு வரும் பழுது அப்படியல்ல. தேடும்போது அது வீட்டில் இல்லை. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்றுண்டு. அந்தப் பழுது எப்படியும் தானாகப் போய்விடப் போகிறது. ஆகவே போவதற்கு முன்னால் கடைசியாக நாம் என்ன செய்தோமோ, அதற்குப் புகழ் போய்ச் சேரும்.

அந்தக் கோடை முழுக்க நான் அப்படித்தான் புகழைப் பங்கிட்டேன். முதலில் புதுப் பற்றறி வாங்கினேன். மூன்று கிழமை ஒரு குறையுமில்லை. பற்றறிதான் பிழை என்று நண்பர்களுக்குச் சொன்னேன். நாலாம் கிழமை ‘டக்’. பிறகு ஸ்ராட்டருக்குப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சொலினோயிட்டை மாற்றினேன். ஐந்து நாள் பொறுத்தது. பிறகு சாவிச் சுவிச்சு. ஒவ்வொன்றையும் கழற்றிப் பூட்டும்போது வயர்களை இழுத்தேன், நகர்த்தினேன், திருகினேன். அந்த அசைவில் எங்கோ ஓரிடத்தில் ஏதோ ஒன்று சிறிதுகாலம் தொட்டுக்கொண்டது. நான் மாற்றிய சாமான் சுகப்படுத்தியதாக நினைத்தேன். நேர்த்தி வைத்துத் தேங்காய் உடைத்தவருக்குக் காய்ச்சல் விட்டுப் போனால் தேங்காய்க்குத்தானே பெயர்.

மனைவி இதற்கிடையில் ஒரு வேலை செய்தாள். படகிலிருந்த, பிடித்த மீனின் கணக்கு எழுதும் கொப்பியில் மோட்டரின் கணக்கையும் எழுதத் தொடங்கினாள். திகதி, மழையா வெயிலா, எடுத்ததா இல்லையா, ஸ்ரேரிங் எந்தப் பக்கம். ‘எடுத்தது. இடப்பக்கம்.’ ‘எடுக்கேல்லை. நேர்.’ ‘எடுக்கேல்லை. வலப்பக்கம். பிறகு இடப்பக்கம் திருப்பி எடுத்தது.’ எனக்கு அது ஆரூடம் பார்க்கிற மாதிரி இருந்தது. சிரித்தேன். ஆனால் ஓகஸ்ட் மாதமளவில் நானும் சாவியைத் திருப்புமுன் ஸ்ரேரிங்கை இடப்பக்கம் வளைக்கத் தொடங்கிவிட்டேன். எதையும் விளங்கிக்கொள்ளாமலே அது வீட்டுப் பழக்கமாகிவிட்டது. மோட்டர் எடுத்தது. எடுத்ததால் கேள்வியும் நின்றுவிட்டது.

*

எங்களூர் வடமராட்சிக் கரை என்றாலும் எனக்கு எஞ்சின் தெரியாது. அண்ணைக்குத் தெரியும். 1990இல் போர் திரும்பத் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, மின்சாரமும் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டு விளக்கு. ஒருவர் சைக்கிள் பெடலை மிதிக்க, தைனமோவில் வானொலிச் செய்தி. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எடுப்பதற்கு மட்டும் நாலைந்து துளி பெற்றோல். அந்த வருஷங்களில் அண்ணை கரையில் எஞ்சின் திருத்தினார். சாவி போட்டு எடுக்கும் எஞ்சின் அவர் கைக்கு வரவேயில்லை. வந்தாலும் பற்றறி ஏது? எல்லாம் கயிறுதான்.

“கயிறு இழுக்கேக்கை கைக்குத் தெரியும் தம்பி” என்பார். “இறுக்கமா, இளக்கமா, காத்து அமத்துதா, விடுதா, எல்லாம் தோள்மூட்டுக்குத் தெரியும். சாவிக்கு ஒண்டும் தெரியாது. எடுக்கும், இல்லையெண்டா எடுக்காது. அவ்வளவுதான் அது சொல்லும்.”

இதை நான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தேன். இந்த வகை மோட்டரை வியாபாரமாக்கி உலகமெங்கும் பரப்பியவர் ஓலே எவின்ரூட். 1877இல் நோர்வேயில் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோரோடு அமெரிக்காவுக்குப் போனவர். காதலிக்கு ஐஸ்கிறீம் வாங்க விஸ்கொன்சின் ஏரியொன்றில் துடுப்பு வலித்துப் போய்த் திரும்புவதற்குள் அது உருகிவிட்டது, அதில்தான் யோசனை பிறந்தது என்பது எல்லோரும் சொல்லும் கதை. 1909இல் அவர் விற்கத் தொடங்கிய மோட்டர் ஒன்றரைக் குதிரைவலு, ஏறக்குறைய இருபத்தெட்டுக் கிலோ. அதன் பறக்கும் சில்லில் ஒரு குமிழ் இருந்தது. அதைக் கையால் பிடித்துச் சுழற்ற வேண்டும். மோட்டர் எடுத்ததும் குமிழ் கையை விட்டுச் சுற்றும், பிந்தினால் விரல்முட்டி உடையும். மூன்று வருஷம் கழித்து, 1912இல், சார்ல்ஸ் கெற்றரிங் செய்த மின்சார ஸ்ராட்டர் கடிலாக் கார்களில் வந்தது. காரின் முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றி மணிக்கட்டை முறித்துக்கொண்ட காலம் அதோடு முடியத் தொடங்கியது. பின்னர் படகு மோட்டர்களுக்கும் சாவி வந்தது. எவின்ரூட் என்ற பெயரில் மோட்டர் செய்வது 2020இல் நின்றுபோயிற்று. சாவி நிற்கவில்லை.

சாவியைக் குறைசொல்லி எழுதுவது எனக்கு நோக்கமல்ல. தோள்மூட்டுத் தேய்ந்தவனுக்கு அது கடவுள். ஆனால் கைக்கும் எஞ்சினுக்கும் இடையில் அது எத்தனை பொருத்துகளைக் கொண்டுவந்து வைத்தது என்று எண்ணிப் பார்க்கலாம். பற்றறியின் முனை, அதைக் கவ்வும் பிடி, பியூஸ், வயர்க் கட்டுகள் சந்திக்கும் பெரிய பிளக், சாவிச் சுவிச்சு, கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டும் வழிவிடும் சின்னச் சுவிச்சு, சொலினோயிட்டின் சுருள், அதற்குள் ஒட்டி விலகும் செப்புத் தட்டு, ஸ்ராட்டருக்குள் தேயும் கரித்துண்டுகள், கடைசியில் மோட்டரின் உடம்பிலிருந்து பற்றறிக்குத் திரும்பிவரும் கறுத்தக் கம்பி. கயிற்றில் இரண்டு முனைதான். இங்கே இருபது. இருபதில் எந்த ஒன்று கையை விட்டாலும் சாவிக்கு ஒரே முகம்.

ஆனாலும் மோட்டர் முழு ஊமையல்ல. சாவியைத் திருப்பும்போது ஒரு சத்தமும் இல்லையென்றால் சின்ன மின்சாரம் ஓடும் வழியில் தேட வேண்டும்: பியூஸ், சாவி, நியூட்ரல் சுவிச்சு, சொலினோயிட்டின் சுருள். ஒரேயொரு ‘டக்’ வந்து நின்றால் சுருள் இழுக்கிறது, பெரிய மின்சாரம்தான் போய்ச் சேரவில்லை. ‘டிக்டிக்டிக்’ என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பற்றறி வலு இழந்திருக்கிறது. ‘விர்’ என்று ஸ்ராட்டர் மட்டும் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் பென்டிக்ஸ் பல்சில்லு மேலேறிப் பிடிக்கவில்லை. என் மோட்டர் சிலநாள் மௌனம், சிலநாள் டக், சிலநாள் ஒழுங்கு. ஆகவே இரண்டு மூன்று பழுதுகள் சேர்ந்திருக்கின்றன என்றே நம்பியிருந்தேன்.

பக்கத்துப் படகுக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, நியூட்ரல் சுவிச்சு தேய்ந்திருக்கும், இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிடு, பிரச்சினை தீரும் என்றார். நான் குறடு எடுத்துவிட்டேன். அண்ணை கையைப் பிடித்தார். அந்தச் சுவிச்சு இருப்பது கியரில் கிடக்கும் மோட்டர் சாவிக்கு எடுத்துப் படகு பாயாமல் இருப்பதற்கு. அப்படிப் பாய்ந்தால் எழும்பி நிற்பவர் தண்ணீருக்குள், சுற்றும் காற்றாடி பக்கத்தில். “பழுதைக் கண்டுபிடிக்க முதல் காவலைக் கழட்டாதை” என்றார்.

*

செப்ரெம்பரில் ஒரு ஞாயிறு அண்ணை மீற்றரோடு வந்தார். வந்ததும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மனைவியிடம் கொப்பியை வாங்கி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, படகின் விளிம்பில் இருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

“தங்கச்சி, எப்பவும் இடப்பக்கம்தானோ?”

“ஓம் அண்ணை. வலப்பக்கம் திருப்பினா ஒருநாளும் எடுத்ததில்லை.”

“எடுக்காத நேரம் மீன் பாக்கிற மெஷின்ரை வெளிச்சம் மங்கிறதோ?”

“இல்லை, அது நல்லா எரியும்.”

அந்த இரண்டு கேள்வியோடு வேலையில் பாதி முடிந்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. பற்றறியில் வலு இல்லையென்றால் ஸ்ராட்டர் இழுக்கும்போது திரை மங்க வேண்டும். மங்கவில்லை. ஆகவே பற்றறி நிறைந்திருக்கிறது, அதன் மின்சாரத்தைத்தான் வழியில் யாரோ மறித்து வைத்திருக்கிறார்கள். ஸ்ரேரிங்கைத் திருப்பினால் படகில் எது அசைகிறது? சாவி அசையாது. பியூஸ் அசையாது. பற்றறி அசையாது. மோட்டர்தான் திரும்புகிறது. மோட்டரோடு சேர்ந்து, அதற்குள் போகும் கம்பிகள் வளைகின்றன. நாங்கள் ஒரு கோடை முழுக்க மந்திரம் என்று வைத்துப் பாவித்தது உண்மையில் ஒரு விலாசம். பழுது தன் வீட்டு இலக்கத்தை முதல்நாளே சொல்லியிருந்தது. மனைவி அதை எழுதியும் வைத்திருந்தாள். நான்தான் தபாலைப் பிரிக்கவில்லை.

பழைய சாமான்களோடு வாழ்கிற வீடுகளில் இப்படிப் பல பழக்கங்கள் உண்டு. கதவைச் சற்றுத் தூக்கித்தான் பூட்ட வேண்டும். வானொலியின் தலையில் தட்ட வேண்டும். ஸ்ராட்டரைச் சுத்தியல் பிடியால் ஒரு தட்டுத் தட்டினால் சுற்றும். கரித்துண்டு தேய்ந்து சிக்கியிருக்கிறது, தட்டும்போது நகர்ந்து தொடுகிறது என்பதுதான் அதன் பொருள். படித்தவர்கள் இவற்றைப் பார்த்துச் சிரிப்பார்கள், பாவிப்பவர்கள் கேள்வி கேட்கமாட்டார்கள். இரு தரப்பும் அந்தச் செய்தியை வாசிப்பதில்லை.

அண்ணை என்னை அழைத்து ஸ்ரேரிங்கை வலப்பக்கம் முழுக்க வளைக்கச் சொன்னார். “வரட்டும்” என்றார். பழுது வர வேண்டும் என்று அந்த மோட்டரிடம் யாராவது வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. சாவியைத் திருப்பினேன். ‘டக்.’ அவர் முகம் மலர்ந்தது. “ஆ, வந்திட்டார்.”

பிறகு அவர் செய்த சோதனையை வாசகர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நான் முன்பு மீற்றரை வைத்துப் பார்த்ததெல்லாம் பற்றறியின் இரண்டு முனைக்கும் இடையில். 12.6 வோல்ற்று, நிறைந்த பற்றறி. சந்தேகம் வந்த இடங்களில் சின்னப் பல்பு ஒன்றைக் கொளுவிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் அது பிரகாசமாக எரிந்தது. வழி சரி என்று முடிவெடுத்தேன். அங்கேதான் பிழை. ஐந்து வாற்றுப் பல்புக்கு அரை அம்பியர்கூட வேண்டாம். ஸ்ராட்டர் கேட்பது நூறு அம்பியர் அளவில். ஓம் 1827இல் எழுதிவைத்த கணக்கு மிக எளியது: தடையையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் அந்த இடத்தில் தொலையும் வோல்ற்று. ஓமின் இருபதில் ஒரு பங்குத் தடை ஒரு கம்பிக்குள் இருக்கிறது என்று வையுங்கள். பல்பு எரியும்போது அது தின்பது ஒரு வோல்ற்றின் ஐம்பதில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. நூறு அம்பியர் ஓடப் பார்த்தால் அதே இடம் ஐந்து வோல்ற்றைக் கேட்கும். ஸ்ராட்டருக்கு மிஞ்சுவது அதை அசைக்கப் போதாது. சும்மா இருக்கும்போது பிடிக்கும் மீற்றர் எல்லாவற்றையும் நல்லவர் என்றே சொல்லும். சுமை ஏறும்போதுதான் யார் எவ்வளவு தின்கிறார் என்று தெரியும்.

அண்ணை மீற்றரின் கறுத்த முள்ளைப் பற்றறியின் மறை முனையிலேயே, பிடியில் அல்ல, ஈய முனையிலேயே அழுத்தினார். சிவத்த முள்ளை மோட்டரின் வெறும் இரும்பில் வைத்தார். இந்த இரண்டு இடமும் தடித்த கறுத்தக் கம்பியால் இணைந்தவை. ஆகவே அவற்றுக்கிடையில் மீற்றர் ஒன்றும் காட்டக்கூடாது. இந்தச் சோதனையில் பூச்சியம் எடுப்பவர்தான் கெட்டிக்காரர். நான் சாவியைத் திருப்பினேன். மீற்றர் ஆறு வோல்ற்று என்றது. பற்றறியில் பாதி அந்தக் கம்பியில் போகிறது.

பிறகு முள்ளை ஒவ்வொரு அடியாக நகர்த்தினார். பற்றறி முனைக்கும் பிடிக்கும் இடையில் பூச்சியம். மோட்டர் இரும்புக்கும் அதில் முறுக்கிய கம்பிக் காதுக்கும் இடையில் பூச்சியம். கம்பியின் இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் இடையில் ஆறு. வெளியே கம்பி புதிதுபோல இருந்தது. கறுத்த உறையில் ஒரு கீறல் இல்லை.

அந்தக் கம்பியை நாங்கள் ஏர்த் என்கிறோம். நோர்வே மொழியிலும் அதற்கு மண் என்ற சொல்தான். அடியில் ஐம்பது பாகம் தண்ணீர் நிற்கும் ஒரு படகில் மண் என்று ஒன்று ஏது? மோட்டரின் உடம்பையே மண்ணாக நினைத்துக்கொண்டு எல்லா மின்சாரமும் அதற்குள் இறங்குகிறது, அங்கிருந்து ஒரேயொரு கறுத்தக் கம்பி வழியாகத் திரும்பிப் பற்றறிக்கு வருகிறது. போகும் வழியைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். சிவத்தக் கம்பி, பியூஸ், சாவி. திரும்பி வரும் வழியை நானும் பார்க்கவில்லை. அது முழுக்க அறுந்தால் சாவிக்குச் சத்தமே வராது. அரைகுறையாகத் தொட்டால் சொலினோயிட்டின் சுருள் ஒருமுறை இழுத்து ‘டக்’ என்னும், பெரிய சுமை ஏறியதும் கைவிடும். நன்றாகத் தொட்டால் மோட்டர் எடுக்கும். என் மூன்று பழுதுக்கும் காரணம் ஒன்றுதான்.

*

அண்ணை கம்பியைக் கழற்றி, மோட்டர் மூடிக்குள் நுழைந்து வளைகிற இடத்தில் கத்தியால் உறையை நீளமாகக் கீறினார். உள்ளே செம்பு இல்லை. கறுத்து, பச்சை பிடித்து, தொட்டால் உதிரும் தூள். அதற்கு நடுவில் ஏழெட்டு இழைகள் மட்டும் உயிரோடு. காதை அமத்திய இடத்தில் உறை கொஞ்சம் விலகியிருந்தது. அந்த வெடிப்பால் உப்புத் தண்ணீர் இழைகளுக்கிடையில் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறியிருக்கிறது. ஒரு சாண் தூரம்.

“களிம்பு” என்றார்.

இலங்கையில் எங்களுக்குச் சைவசமயம் பள்ளிக்கூடப் பாடம். ஆணவ மலம் உயிரோடு எப்படி நிற்கிறது என்பதற்கு வாத்தியார் சொல்லும் இரண்டு உவமை நெல்லுக்கு உமியும் செம்புக்குக் களிம்பும். பரீட்சைக்குப் பாடமாக்கினேன். நெல் தெரியும், உமி தெரியும். களிம்பு என்றால் குத்துவிளக்கின் அடியில் பிடிக்கும் பச்சை, அம்மா வெள்ளிக்கிழமைகளில் புளி போட்டு மினுக்குவார், போய்விடும் என்றே நினைத்திருந்தேன். போய்விடுகிற ஒன்றை ஏன் பெரியவர்கள் இவ்வளவு பெரிதாகச் சொன்னார்கள் என்று ஒரு சந்தேகம் உள்ளே கிடந்தது. எழுபதாவது அகலாங்கில், ஒரு கம்பியின் வயிற்றைக் கீறிப் பார்த்தபோது தீர்ந்தது. புளி போய்ச் சேரும் இடத்திலிருக்கும் களிம்பு பெரிதல்ல. உறைக்குள்ளே, செம்பு இருக்கும் இடத்தில் செம்பாகவே இருந்துகொண்டு, ஒரு பல்பை எரிய விட்டு நல்லபேரும் எடுத்துக்கொள்வதுதான் பெரிது. சித்தாந்தம் களிம்பு செம்போடு தொடக்கத்திலேயே உண்டு என்கிறது. படகோ, ஒரு வெடிப்பும் கொஞ்சம் உப்பும் வேண்டும் என்கிறது. இரண்டில் எது சரி என்று தீர்க்கும் தகுதி எனக்கில்லை.

தூளைத் துணியில் தட்டிக்கொண்டே அண்ணை ஊர்க்கதைக்குப் போனார். 1995 தையில் சண்டை நின்றபோது கரையில் எல்லோரும் படகுக்குத் தார் பூசினார்களாம். இவர் ஒரு பழைய எஞ்சினைக் கடனுக்கு வாங்கினாராம். சித்திரையில் எல்லாம் திரும்பத் தொடங்கியது. நூறு நாள்தான். 2002இல் நின்றபோது இவர் இங்கே வந்துவிட்டார். தம்பிமார் அங்கே கூரை மேய்ந்தார்கள், கலியாணம் செய்தார்கள். “நிண்டிட்டுது எண்டுதான் எல்லாரும் நினைச்சம்” என்றார். “ஏன் நிண்டது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டா திரும்ப வந்திடுமோ எண்டு பயம்.”

அவர் அதற்குமேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கோடை முழுக்க நான் ஸ்ரேரிங்கை இடப்பக்கம் வளைத்துக்கொண்டு பேசாமல் இருந்ததும் அதே பயத்தில்தான் என்று அப்போது தெரிந்தது. எடுக்கிற மோட்டரை யார் திறந்து பார்ப்பார்கள்? நன்றாக ஓடும் நாளில் கேள்வி கேட்பவன் அபசகுனக்காரன். ஆகவே எல்லோரும் எடுக்காத நாளில் கேட்கிறோம். எடுக்காத நாளில் நமக்கு வேண்டியது கரைக்குப் போய்ச் சேர்வது மட்டும். காரணத்துக்கு அன்றைக்கும் நேரமில்லை.

புதுக் கம்பிக்கு வெள்ளீயம் பூசிய செம்பு வாங்கினோம். படகுகளுக்கென்றே விற்பது, இழை ஒவ்வொன்றும் வெள்ளையாக இருக்கும், உப்பு எளிதில் கடிக்காது. இரும்பை உப்புத்தாளால் தேய்த்து மினுக்கி, காதை அமத்தி, உள்ளே பசையுள்ள குழாயைச் சூடுகாட்டிச் சுருக்கி, மேலே கிறீஸ் பூசினார். முக்கால் மணி நேர வேலை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதமும் ஒரு பற்றறியும் ஒரு சொலினோயிட்டும் ஒரு சாவிச் சுவிச்சும் செலவு.

கயிறு நிலவறையிலிருந்து படகுக்கு வந்துவிட்டது. மூடியின் கீழே கட்டியிருக்கிறேன்.

நான் பழக்கதோஷத்தில் ஸ்ரேரிங்கை இடப்பக்கம் வளைத்துவிட்டு மோட்டரை எடுத்தேன். மனைவி, நிப்பாட்டுங்கோ என்றாள். நிறுத்தினேன். வலப்பக்கம் முழுக்க வளைத்து, இப்ப எடுங்கோ என்றாள். எடுத்தேன். கொப்பியைத் திறந்து எழுதினாள்:

‘எடுத்தது. வலப்பக்கம்.’